தீபாவளித் தையலை முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி? வீட்டில் தைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்கும் மெஷின் ஓடும் வீடு நம் ஊரில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். வாசலில் "முடிஞ்சிடுச்சா அக்கா?" என்று ஒருவர் நிற்பார். உள்ளே தைக்கிறவருக்குத் தன் பிள்ளையின் பாவாடைக்குக் கொக்கி வைக்கக்கூட நேரம் கிடைத்திருக்காது. தையல் தொழில் என்றால் இப்படித்தான் என்று பலரும் பழகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரவுக்கான காரணங்களில் பெரும்பகுதி செப்டம்பரிலேயே உருவாகிவிடுகிறது. கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணாமல் வாடிக்கையாளர்களிடம் தைக்கத் துணி வாங்குவது ஒன்று. வாங்கிய துணி எந்தெந்த இடத்தில் சும்மா காத்துக் கிடக்கும் என்று பார்க்காமல் விடுவது இன்னொன்று. இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்ய முடியும்.

வீட்டில் தனியாகவோ ஒரே ஒரு உதவியாளோடோ பிளவுஸ், சுடிதார், பட்டுப்பாவாடை தைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணக்குக்கு 2026 தீபாவளியை எடுத்துக்கொள்வோம். அது நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.

முதல் வேலை: உங்கள் கை வேகத்தை அளப்பது

ஒரு லைனிங் பிளவுஸ் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரைக் கேட்டாலும் "ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்" என்பார்கள். அது மெஷினில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். கட்டிங், ஹெம்மிங், கொக்கி, நூல் வெட்டுவது, அயர்ன் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

இது தையல்காரர்களுக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்று பதில் வந்தது. முடிந்தபோது பார்த்தால் சராசரி 55 நாளைத் தாண்டியிருந்தது. தன் வேலையைப் பற்றித் தானே சொல்லும் நேரம் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். அதனால் மனக்கணக்கை நம்பாமல் ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

ஆடி, ஆவணி இதற்கு நல்ல காலம். ஆடியில் கல்யாண ஆர்டர் இருக்காது, கை கொஞ்சம் ஓய்வாக இருக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். கட்டிங், மெஷின், கை வேலை, அயர்ன் என்று நான்கு வரிகள் போதும். போன் பேச எழுந்தது, குக்கர் விசிலுக்குப் போனது எல்லாம் சேர்ந்த நேரத்தையே எழுத வேண்டும். அக்டோபரிலும் போன் வரும், குக்கரும் கூவும்.

கீழே வரும் எண்கள் உதாரணத்துக்கு மட்டும். லைனிங் பிளவுஸ் இரண்டரை மணி நேரம், சுடிதார் மூன்று, பட்டுப்பாவாடை சட்டை மூன்று, சேலைக்கு ஃபால்ஸ் அடித்து ஓரம் முடிக்க அரை மணி. உங்கள் சீட்டு வேறு எண்ணைக் காட்டினால் அதுதான் உங்களுக்குச் சரியான எண்.

நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தீபாவளி 8-ஆம் தேதி என்றால் தையல் 7-ஆம் தேதி வரை என்று அர்த்தமில்லை. வாங்கிப் போகிறவர்கள் போட்டுப் பார்க்க வேண்டும், கை இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தர வேண்டும். அதனால் நவம்பர் 4, புதன்கிழமையோடு புதுத் தையலை நிறுத்திவிடலாம். 5, 6, 7 மூன்று நாளும் கொடுப்பதற்கும் ஆல்ட்டருக்கும்.

செப்டம்பர் 28, திங்கள்கிழமை தீபாவளி வேலையைத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுகளை விட்டு நவம்பர் 4 வரை 33 நாட்கள் வரும். இடையில் அக்டோபர் 19, 20 ஆயுத பூஜையும் விஜயதசமியும். பூஜை போட்ட மெஷினை அன்று பலர் ஓட்டமாட்டார்கள், வீட்டிலும் ஆள் வருவார்கள். அந்த இரண்டும் போக 31 நாட்கள். ஒரு நாளைக்கு உண்மையாகவே தையலுக்குக் கிடைப்பது 5 மணி நேரம் என்றால் மொத்தம் 155 மணி நேரம்.

இதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 31 மணி நேரத்தை, இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மின்தடை, காய்ச்சல், பிரித்துத் தைப்பது, மெஷின் பழுது எல்லாவற்றுக்கும் அதுதான். பலர் இந்த இடத்தில் கை நடுங்கி, "அதையும் ஆர்டருக்குச் சேர்த்தால் பன்னிரண்டு பிளவுஸ் கூடத் தைக்கலாமே" என்பார்கள். சேர்த்தால் அந்தப் பன்னிரண்டும் தூக்கத்திலிருந்துதான் வரும்.

மீதி 124 மணி நேரம். வெறும் லைனிங் பிளவுஸ் மட்டும் என்றால் 49 தைக்கலாம். நடைமுறையில் எல்லாம் கலந்து வரும். 30 பிளவுஸ் 75 மணி, 10 சுடிதார் 30 மணி, 3 பட்டுப்பாவாடை 9 மணி, 20 சேலைக்கு ஃபால்ஸ் 10 மணி. கூட்டினால் 124. இந்தத் தீபாவளிக்கு நீங்கள் வாங்கக்கூடிய மொத்த வேலை இவ்வளவுதான். இந்த எண் தெரிந்த பிறகு ஆர்டர் வாங்குவதற்கும் தெரியாமல் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அக்டோபர் கடைசி வாரத்தில் தெரியும்.

இந்த 124-ஐயும் செப்டம்பரிலேயே நிரப்பிவிடக் கூடாது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலையும், பீரோவில் பிளவுஸ் துணியோடு மடித்து வைத்த சேலையும் முன்னால் வரும். போனஸ் பணத்தில் எடுக்கும் துணி அக்டோபர் பாதிக்கு மேல்தான் வரும். வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் போனஸை நம்பி இருப்பவர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்காக மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்திருங்கள். மற்றவர்களுக்குச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம்: "வீட்ல இருக்குற துணிய 30-ஆம் தேதிக்குள்ள குடுத்துட்டா, அக்டோபர் பாதிக்குள்ள தைச்சுக் குடுத்துடறேன்." புரட்டாசியில் பொதுவாகக் கல்யாணம் குறைவு, அந்த வாரங்களில் கை வேகமாக நகரும். ஐப்பசி பிறந்ததும் முகூர்த்த ஆர்டரும் சேர்ந்துகொள்ளும்.

துணி எங்கே காத்துக் கிடக்கிறது?

ஒரு பிளவுஸுக்கு இரண்டரை மணி நேர வேலைதான். ஆனால் துணி வந்த நாளிலிருந்து போகும் நாள் வரை எண்ணினால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். மீதி நேரமெல்லாம் அது பையில் தூங்குகிறது. கையை வேகப்படுத்துவதை விட இந்தத் தூக்கத்தைக் குறைப்பதில்தான் லாபம் அதிகம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் காத்திருப்பு லைனிங். பருத்தித் துணி முதல் நனைப்பில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கக்கூடும். 36 இஞ்ச் மார்புச் சுற்றில் மூன்று சதவீதம் என்றாலே ஒரு இஞ்ச்சுக்கு மேல் போய்விடும். அதனால்தான் நனைக்காமல் தைத்த லைனிங் முதல் சலவைக்குப் பிறகு மேல் துணியைச் சுருட்டி இழுக்கிறது. நனைக்காமல் தைப்பது எனக்கு ஒப்பாத வேலை. ஆனால் நனைத்துக் காயவைக்க ஒரு நாள் போகும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். மழை பிடித்துவிட்டால் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் ஈரம் விடாது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஆர்டர் வந்தபின் லைனிங் வாங்காமல், முன்கூட்டியே வாங்கி நனைத்து வைப்பது. உங்கள் பழைய நோட்டைப் புரட்டினால் எந்த நிறங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரியும். மெரூன், சிவப்பு, பச்சை, நீலம், மஸ்டர்டு, ரோஸ், கறுப்பு, சந்தனம் என்று எட்டு நிறத்துக்குள் பெரும்பாலான ஆர்டர் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் நாலைந்து மீட்டர் செப்டம்பர் வெயிலில் நனைத்துக் காயவைத்து, அயர்ன் செய்து, சுருட்டி அடுக்கிவிடுங்கள். சாயம் போகும் சிவப்பையும் மெரூனையும் தனித்தனி வாளியில் போட வேண்டும். ஃபால்ஸ் துணிக்கும் இதே கதைதான். நனைக்காத ஃபால்ஸ் அடித்த சேலையின் கீழ்ஓரம் ஒரு சலவையில் சுருங்கி அலைபோல் நிற்கும்.

அடுத்த காத்திருப்பு வெளியே போகும் வேலை. வெட்டிய ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் சொந்தமாக இல்லாதவர்கள் அதற்கும், சேலை ஓரத்தை முடிக்கும் பிகோவுக்கும் கடைக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு உருப்படியாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாளுக்குள் என்னென்ன தைத்து முடியவேண்டும் என்று திட்டமிடுங்கள். அந்தக் கடைக்காரருக்கும் தீபாவளி நெருக்கடி இருக்கும். "இந்த வருஷம் செவ்வாய், வெள்ளி வருவேன்" என்று இப்போதே சொல்லி வைத்தால் அவருக்கும் சௌகரியம்.

கொக்கி ஊசியால் போடும் ஆரி ஒர்க் என்ற எம்பிராய்டரி இதைவிட நீளமானது. முதலில் அளவெடுத்து, துணியில் கழுத்தும் கையும் வரைந்து, அப்புறம் அது ஆரி போடுபவரிடம் போகும். வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் வெட்ட முடியும். நெருக்கமான வேலை என்றால் வாரக் கணக்கில் இழுக்கும். எனவே ஆரி கேட்பவர்களுக்கு மற்றவர்களை விட மிக முன்னால் ஒரு கடைசித் தேதி வேண்டும். செப்டம்பர் 20-க்குப் பிறகு தீபாவளிக்கு ஆரி வேலை எடுப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது: வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருப்பது. "பின்கழுத்து எவ்வளவு இறக்கம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு மறுநாள் மாலை வரை துணி அப்படியே கிடக்கும். அதைத் தடுக்கும் வழி ஆர்டர் வாங்கும் நேரத்தில் இருக்கிறது, அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இவை போக, கைக்கு மேல் துணி வாங்குவதால் வரும் காத்திருப்பு ஒன்று உண்டு. இதற்கு 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணித முறைப்படி நிறுவிய ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கையில் உள்ள உருப்படிகளை, ஒரு நாளைக்கு முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். நாளுக்கு இரண்டு முடிக்கிறீர்கள், வீட்டில் 24 கிடக்கிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாகப் பன்னிரண்டு நாள் இருக்கும். நாற்பது சேர்ந்துவிட்டால் இருபது நாள். எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது. "நாலு நாள்ல தரேன்" என்று வாயில் வருவதற்கு முன் அலமாரியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆர்டர் வாங்கும் பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடத்தில் முழுமையாகக் கேட்டுவிட்டால் பிறகு ஒரு போன்கூடத் தேவைப்படாது. அளவு பிளவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே "இதுல எங்க இறுக்குது, எங்க தளருது?" என்று கேளுங்கள். போன வருடத்து அளவு பிளவுஸை நம்பி அப்படியே வெட்டினால் ஆல்ட்டர் வரும். முன் கொக்கியா பின் கொக்கியா, கழுத்து வடிவம், இறக்கம், கை நீளம், பைப்பிங், கப், குஞ்சம், லைனிங் நிறம் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே எழுதி, மாடல் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்றால் "இப்பவே அனுப்பிடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே நின்றுவிடுங்கள்.

பக்கத்தில் அந்தத் துணியின் ஒரு சின்னத் துண்டைப் பின் அடியுங்கள். ஆர்டர் எண்ணைத் துணிப் பையிலும் நோட்டிலும் எழுதுங்கள். துணி போதுமா என்று அங்கேயே விரித்து அளப்பது முக்கியம். சேலையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உடல் அளவு பெரியதாக இருந்து முழங்கை வரை கையும் கேட்டால் பற்றாது. இது கட்டிங் அன்று தெரிந்தால் ஒரு வாரம் போச்சு. ஆர்டர் அன்றே தெரிந்தால் அவரே போகும் வழியில் மேட்சிங் துணி வாங்கி வந்துவிடுவார்.

ஒரே ஆள் நாலைந்து பிளவுஸ் கொடுத்தால், முதலில் ஒன்றை மட்டும் தைத்துக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரி என்று சொன்ன பிறகு மற்றவற்றை வெட்டுங்கள். அளவில் தவறிருந்தால் ஒன்றோடு போகும். இதற்கு நாலைந்து நாள் கூடுதலாகத் தேவை, ஆகவே மொத்தமாகக் கொடுப்பவர்களின் முதல் உருப்படி செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ முடிந்தாக வேண்டும்.

பாதி முன்பணம் வாங்குங்கள். லைனிங்கும் நூலும் கொக்கியும் உங்கள் கைக்காசில் போகக் கூடாது.

தேதியைச் சொல்ல வேண்டியது நோட்டு

பெரிய டைரி ஒன்று, நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் ஒன்றை ஒதுக்கி வைத்தோம் அல்லவா, அதனால் நான்குதான். ஒரு பிளவுஸ் இரண்டரைக் கட்டம் பிடிக்கும். ஒரு நாளில் மீதியிருந்தால் அடுத்த நாளுக்கு வழியவிடுங்கள். சுடிதார் மூன்று கட்டம். ஆர்டர் வந்தவுடன் எந்த நாளின் கட்டம் காலியோ அங்கே பென்சிலால் எண்ணை எழுதுங்கள். மாற வேண்டி வரும் என்பதால் பேனா வேண்டாம்.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு இரண்டு நாள் தள்ளி ஒரு தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். உள்தேதி 14 என்றால் வெளித்தேதி 16. ஆள் எதிரில் நிற்கும்போது மனசு இளகி, நாக்கு முந்திக்கொண்டு தேதி சொல்லும். நோட்டைத் திறந்து, அவரும் பார்க்கும்படி விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். "இந்தப் பக்கம் நிறைஞ்சிருக்கு, அடுத்த காலி இதுதான்" என்று கண்ணால் பார்ப்பவர்கள் பேரம் பேசுவது வெகுவாகக் குறையும்.

போன் செயலிகளிலும் இதைச் செய்யலாம். சாக்கட்டி பிடித்த கையோடு போனைத் திறப்பதை விடச் சுவரோரம் திறந்து கிடக்கும் டைரி எளிது என்பது என் கருத்து.

வாரத்தைப் பிரிப்பது

எல்லா வேலையும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. கட்டிங் காலையில். தலை தெளிவாக இருக்கும், வெளிச்சமும் இருக்கும். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. மத்தியானச் சமையல் முடிந்து வீடு அடங்கிய நேரம் மெஷினுக்கு. ஹெம்மிங், கொக்கி, குஞ்சம் எல்லாம் சாயங்காலம், பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் இடங்கள் பெரும்பாலும் முதல் நாளே நாளிதழில் வந்துவிடும். உங்கள் பகுதி பெயர் வந்தால் அன்றைய மெஷின் வேலையைத் தள்ளி, கை வேலைகளை அங்கே போடுங்கள். இப்படி நாட்களுக்காகவே பத்துப் பதினைந்து ஹெம்மிங் வேலையைக் கையிருப்பாக வைத்திருப்பது நல்லது. காலால் மிதிக்கும் பழைய மெஷின் வீட்டில் இருந்தால் விற்றுவிடாதீர்கள். மழைக்கால மின்தடையில் அது கைகொடுக்கும்.

ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய்தால் நேரம் மிச்சமாகும். நூல் நிறம் மாற்றுவது, பாபின் மாற்றுவது, ஊசி மாற்றுவது என்று ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் கரையும். பட்டுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14. பட்டுப் பிளவுஸ்களை ஒரே நாளில் சேர்த்துப் போட்டால் ஊசியையும் டென்ஷனையும் ஒருமுறை சரிசெய்தால் போதும். அதற்காக இருபது பிளவுஸை ஒரே மூச்சில் வெட்டிக் குவிக்காதீர்கள். வெட்டிய துண்டுகள் கலந்துவிடும், இடது கை ஒரு பையிலும் வலது கை இன்னொரு பையிலும் போய்ச் சேரும். இரண்டு மூன்று நாளில் தைத்து முடிக்க முடிந்த அளவு, அதாவது நாலைந்து உருப்படி மட்டும் ஒரு தடவை வெட்டுவது நிதானமான அளவு.

பொருட்கள் வாங்குவதைச் செப்டம்பரில் முடித்துவிடுங்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவோ, மதுரை விளக்குத்தூணோ, திருச்சி என்.எஸ்.பி. சாலையோ, அக்டோபர் கடைசியில் அங்கே ஒரு கொக்கிப் பெட்டி வாங்கப் போனால் அரை நாள் போய்விடும். நூல், கொக்கி, கான்வாஸ், பைப்பிங் கயிறு, ஊசி, மெஷின் ஆயில், கூடுதல் பாபின் பத்து, டெலிவரிக்குக் கவர். மெஷின் சர்வீஸும் ஆயுத பூஜைக்கு முன்பே ஆகட்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே சுமார் இருபது நாள்தான், அந்த நாட்களில் மெக்கானிக்கைப் பிடிப்பது கஷ்டம்.

முந்தைய இரவு பதினைந்து நிமிடம்

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். படுக்கப் போகுமுன் நாளைய கட்டங்களில் உள்ள உருப்படிகளை எடுத்து மெஷின் பக்கத்தில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பையிலும் மேட்சிங் நூல், அதே நிறத்தில் சுற்றிய பாபின், லைனிங், கொக்கி, அளவு பிளவுஸ் எல்லாம் இருக்க வேண்டும். ஏதாவது இல்லையென்றால் இரவே தெரிந்துவிடும், காலையில் பால் வாங்கப் போகும்போது வாங்கி வரலாம். தைக்க உட்கார்ந்த பிறகு எழுந்து தேடுவதில்தான் நாளின் பெரும்பகுதி வீணாகிறது. வீட்டில் உதவிக்கு மகளோ அத்தையோ இருந்தால் பாபின் சுற்றுவதையும் பை அடுக்குவதையும் அவர்களிடம் கொடுக்கலாம்.

ஹெம்மிங்குக்குப் பக்கத்து வீட்டு அக்காவை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் அவரிடம் ஆகஸ்டிலேயே இரண்டு மூன்று கொடுத்துப் பாருங்கள். தையல் நெருக்கம் உங்களுக்குப் பிடிக்கிறதா, எத்தனை நாளில் திருப்பித் தருகிறார் என்று தெரிய வேண்டும். அக்டோபரில் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலியையும் அப்போதே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

"இது ஒண்ணு மட்டும் அக்கா"

எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும் நவம்பர் முதல் தேதி ஒருவர் பையோடு வந்து நிற்பார். வருபவர் நாத்தனாராக இருக்கலாம், பிள்ளையின் டீச்சராக இருக்கலாம். இதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டால் அப்போது பதற வேண்டாம். ஒதுக்கி வைத்த 31 மணி நேரத்தில் பத்து மணியைக் கடைசி வாரத்துக்கென்று பிரித்து வையுங்கள். அது நான்கு பிளவுஸுக்கான இடம். அந்த நான்கு இடமும் யாருக்கு என்பதை இப்போதே மனத்தில் எழுதிவிடுங்கள். நான்கும் போன பிறகு யார் வந்தாலும் பதில் ஒன்றுதான்.

அந்தப் பதிலையும் முன்னதாகவே யோசித்து வையுங்கள். இப்படிச் சொல்லலாம்: "அக்கா, நோட்டு நிறைஞ்சிடுச்சு, பாருங்க. வாங்கி வச்சுட்டு கடைசி நேரத்துல உங்கள அலைய விட எனக்கு மனசில்ல. தீபாவளி முடிஞ்சு பத்தாம் தேதி மொதல் வேலையா உங்களோடத எடுக்கிறேன். இல்ல, வேற ஒருத்தர் தைக்கிறாங்க, அவங்க நம்பர் தரட்டுமா?" பக்கத்துத் தெருவில் தைக்கும் இரண்டு பேரோடு நல்ல பழக்கம் வைத்திருந்தால் இப்படிச் சொல்ல எளிதாக இருக்கும். உங்களுக்கு நிறைந்தபோது அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு நிறையும்போது உங்களுக்கு அனுப்புவார்கள்.

திட்டம் உடையும்போது

உடையும். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தாலோ மெஷின் மோட்டார் போனாலோ பன்னிரண்டு கட்டங்கள் போய்விடும். அப்போது எதை முதலில் எடுப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். தலைத் தீபாவளிப் பெண்ணின் பிளவுஸ் முதலில். கல்யாணமான பிறகு அவளுக்கு வரும் முதல் தீபாவளி அது. அடுத்து குழந்தைகளின் துணி. பெரியவர்களுக்கு மாற்றுத் துணி இருக்கும், விளக்கினால் புரியும். அவர்களுக்குப் பிறகு முன்னதாகத் துணி கொடுத்தவர்கள், கடைசியில் தாமதமாக வந்தவர்கள். ஃபால்ஸ் அடிப்பதை முழுவதும் வெளியே கொடுத்துவிட்டால் பத்து மணி நேரம் ஒரேயடியாக மிச்சமாகும்.

தள்ளிப்போகிறது என்று தெரிந்த அன்றே போன் செய்துவிடுங்கள். இரண்டு நாள் முன்பே சொன்னால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார், அடுத்த பொங்கலுக்கும் உங்களிடமே வருவார். வாசலுக்கு வந்த பிறகு "இன்னும் ஆகலை" என்று கேட்டவர் திரும்பி வருவது சந்தேகம்.

ஞாயிறு இரவு அரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். போன வாரம் பின்தங்கியது எத்தனை கட்டம், ஒதுக்கீட்டில் மீதி எவ்வளவு என்று எழுதுங்கள். அக்டோபர் 18 இரவில் ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் புது ஆர்டரை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வலிக்கும்தான். ஆனால் இந்த முடிவை நவம்பர் 2-இல் எடுக்க முடியாது, அதற்குள் துணி எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கும்.

கொடுக்கும் மூன்று நாட்கள்

நவம்பர் 5-லிருந்து புதுத் துணியை வெட்டாதீர்கள். தைத்தவற்றை எண் வரிசையில் தொங்கவிட்டு, கொக்கி எண்ணி, நூல் வெட்டி, அயர்ன் செய்து கவரில் போட்டு, மீதிப் பணத்தைக் கவர் மேலேயே எழுதி வையுங்கள். அளவு பிளவுஸையும் மீந்த துணியையும் அதிலேயே போட்டுவிடுங்கள். எல்லோரும் சாயங்காலம் ஆறு மணிக்கே வருவார்கள் என்பதால், வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு நேரம் சொல்லிவிட்டால் வாசலில் கூட்டம் சேராது. அங்கேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ஆல்ட்டர் என்றால் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

உங்கள் வீட்டுத் துணிகள் இந்த மூன்று நாளுக்கு வரக் கூடாது. பிள்ளையின் பாவாடைக்கும் உங்கள் பிளவுஸுக்கும் அக்டோபர் முதல் வாரத்திலேயே ஆர்டர் எண் போட்டு, கட்டம் ஒதுக்கித் தைத்துவிடுங்கள். மற்ற ஆர்டர்களைப் போலவே அவற்றுக்கும் ஒரு தேதி வேண்டும்.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்குள், நினைவு மங்குவதற்கு முன், டைரியின் கடைசிப் பக்கத்தில் சிலவற்றை எழுதி வையுங்கள். எந்த உருப்படி கணக்கை விட அதிக நேரம் எடுத்தது, எந்த லைனிங் நிறம் தீர்ந்தது, எது மிஞ்சியது, ஓவர்லாக் கடையில் எத்தனை நாள் தாமதம், ஒதுக்கிய 31 மணி நேரத்தில் எவ்வளவு செலவானது, எதற்குச் செலவானது. பொங்கல் ஆர்டர் மார்கழியிலேயே வரத் தொடங்கிவிடும். அதற்கான கட்டங்களைப் போடும்போது இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள்.